பைக்கின் டிஸ்க் பிரேக் காலிப்பர்: வீட்டிலேயே பிரித்து, கழுவி, மாட்டும் முறை

பைக்கின் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்வி நிறுத்தும் பாகம் காலிப்பர்; அதற்குள் இருந்து டிஸ்க்கில் உரசும் கட்டை பேட். புது பேட் தடிமனாக இருக்கும். அது டிஸ்க்கின் இருபுறமும் நுழைய வேண்டுமானால் பேடைத் தள்ளும் உருளையான காலிப்பர் பிஸ்டன் உள்ளே போயாக வேண்டும். அதற்காக ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பி, பிஸ்டனை இருந்த கோலத்திலேயே உள்ளே தள்ளிவிட்டுப் பேடை மாட்டுகிறவர்கள் ஏராளம். அன்றைக்குப் பிரேக் நன்றாகத்தான் பிடிக்கும். சில வாரம் போனால் சக்கரம் கனக்கும், டிஸ்க் தொட முடியாதபடி சுடும், புது பேட் ஒரு பக்கமாகத் தேயும். பிஸ்டனின் வெளியே நின்ற பகுதியில் மாதக்கணக்காக ஒட்டியிருந்த பேட் தூசியும் சேறும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டதுதான் காரணம். அழுக்கான பிஸ்டனை உள்ளே தள்ளக் கூடாது. காலிப்பர் வேலை முழுவதும் இந்த ஒரு விதியைச் சுற்றித்தான் நடக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

பிரேக் லிவரை அழுத்தினால் லிவரோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் பிரேக் திரவமான ஃப்ளூயிடைத் தள்ளுகிறது, ஃப்ளூயிட் பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பேடை டிஸ்க்கில் அழுத்துகிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். லிவரை விட்டதும் பிஸ்டன் எப்படித் திரும்புகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். அதை இழுக்க உள்ளே ஸ்பிரிங் எதுவும் இல்லை. பிஸ்டனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் சதுர வெட்டு கொண்ட ரப்பர் சீல் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் முன்னே நகரும்போது சீலின் உள்விளிம்பு அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வளைகிறது. அழுத்தம் போனதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்கு நிமிர்கிறது, நிமிரும்போது பிஸ்டனையும் கூடவே பின்னுக்கு இழுக்கிறது. இந்த இழுப்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அவ்வளவு சின்ன நகர்வுக்குப் பிஸ்டனின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருந்தே தீர வேண்டும். கொஞ்சம் துரு, கொஞ்சம் கெட்டிப்பட்ட தூசி போதும்; சீல் நிமிர முடியாமல் பிஸ்டன் நின்ற இடத்திலேயே நின்றுவிடும்.

பேட் தேயத் தேய, சீல் வளையக்கூடிய அளவைத் தாண்டிப் பிஸ்டன் வழுக்கி முன்னே வந்து புது இடத்தில் நிற்கும். டிஸ்க் பிரேக்குக்குத் தனியாக அட்ஜஸ்ட்மென்ட் தேவைப்படாததற்கு இதுதான் காரணம். அதே காரணத்தால்தான், பேட் தேய்ந்த வண்டியில் பிஸ்டனின் பெரும்பகுதி வெளியே வந்து மழையிலும் புழுதியிலும் நிற்கிறது.

காலிப்பரில் இரண்டு வகை. பெரும்பாலான வண்டிகளில் இருப்பது ஸ்லைடிங் காலிப்பர்: பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும், காலிப்பர் உடல் ஸ்லைடு பின் எனப்படும் இரண்டு பின்களின் மேல் பக்கவாட்டில் நகர்ந்து எதிர்ப்புறப் பேடையும் இழுத்து அழுத்தும். இன்னொன்று ஃபிக்ஸட் காலிப்பர். இதில் இருபுறமும் பிஸ்டன்கள் உண்டு, உடல் நகராது. ஸ்லைடிங் வகையில் பிஸ்டனைப் போலவே அந்த இரண்டு பின்களும் முக்கியம். கோளாறு என்று பார்த்தால் பின்கள் இறுகிப்போவதே அதிகம்.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை

சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, கையால் சுற்றிப் பாருங்கள். பேட் லேசாக உரசும் சத்தம் கேட்பது இயல்பு. சுற்றிவிட்டதும் இரண்டு மூன்று சுற்றாவது தானாக ஓட வேண்டும். பின் சக்கரத்தில் செயினின் இழுப்பும் சேரும் என்பதால் கொஞ்சம் குறைவாக ஓடும். பிறகு பிரேக்கை அழுத்தி விட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது சக்கரம் இறுகி நின்றால் குற்றம் காலிப்பரிலா, மாஸ்டர் சிலிண்டரிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு.

இறுகிய நிலையிலேயே காலிப்பரில் காற்றை வெளியேற்ற இருக்கும் சின்னக் குழாய்முனையான பிளீடர் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, நிப்பிளைக் கால் சுற்று திறந்து மூடுங்கள். ஃப்ளூயிட் பீய்ச்சி வந்து சக்கரம் உடனே விட்டுக்கொடுத்தால், அழுத்தம் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தது என்று பொருள். மாஸ்டர் சிலிண்டரில் ஃப்ளூயிட் திரும்பும் நுண்ணிய துளை அடைத்திருக்கலாம், ஃப்ளூயிட் போகும் ஹோஸ் உள்ளுக்குள் உப்பியிருக்கலாம், மாற்றிப் போட்ட லிவர் ஒன்று மாஸ்டர் பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கலாம். இவற்றில் எதுவானாலும் காலிப்பரைக் கழுவிப் பயனில்லை. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கிறது. கீழே சொல்லும் வேலை அதற்குத்தான்.

பேட்களின் தேய்மானமும் நிறையச் சொல்லும். ஸ்லைடிங் காலிப்பரில் உள் பேடும் வெளிப் பேடும் சமமாகத் தேயவில்லை என்றால் முதல் சந்தேகம் ஸ்லைடு பின்மேல். ஒரே பேட் ஆப்பு போல ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருந்தால் இரண்டு பின்களில் ஒன்று, அல்லது இரட்டைப் பிஸ்டனில் ஒன்று, நகரவில்லை. பிரேக் பிடிக்கும்போது லிவர் துடித்தால் அது பெரும்பாலும் டிஸ்க் வளைந்ததன் அறிகுறி, காலிப்பரோடு தொடர்பில்லை.

கையில் இருக்க வேண்டியவை

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, இரண்டு பழைய டூத் பிரஷ், நூல் உதிராத துணி. காலிப்பர் போல்ட்டுக்கு 12 அல்லது 14 மி.மீ. சாக்கெட், பேடைத் தாங்கும் பேட் பின்னுக்குப் பொதுவாக 5 மி.மீ. ஆலன் கீ, நிப்பிளுக்கு 8 மி.மீ. ரிங் ஸ்பேனர். இறுக்கத்தை அளந்து திருக ஒரு டார்க் ரெஞ்ச். மூடி திறக்காத புது டாட் 4 ஃப்ளூயிட், அல்லது ஃப்ளூயிட் நிற்கும் தொட்டியான ரிசர்வாயரின் மூடியில் எழுதியிருக்கிற வகை. ஸ்லைடு பின்களுக்குச் சிலிகான் கிரீஸ், பிஸ்டனுக்குச் சிவப்பு ரப்பர் கிரீஸ். கையுறை, முகக்கவசம், கண்ணாடி. பிஸ்டனைத் தடுத்து நிறுத்த மெல்லிய மரத்துண்டு ஒன்றும் வேண்டும்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீட்டில் முதலில் கைக்கு அகப்படுவது அவைதான். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், என்ஜின் ஆயில், டபிள்யூடி-40, சாதாரண சேஸிஸ் கிரீஸ் எதுவும் காலிப்பரின் பக்கமே வரக் கூடாது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 பயன்படுத்தும் பிரேக்குகளின் சீல்கள் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. இந்த ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பும். உப்பிய சீல் பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பழைய அளவுக்குத் திரும்பாது. ஸ்பிரே வகை பிரேக் கிளீனரை டிஸ்க்கிலும் உலோகப் பாகங்களிலும் தாராளமாக அடிக்கலாம். சீலின் மேல் வேண்டாம். சீல் இருக்கும் இடத்துக்குச் சோப்புத் தண்ணீரே போதும்.

பிரேக் ஃப்ளூயிட் பெயின்டைக் கரைக்கும். டேங்கிலோ மட்கார்டிலோ சொட்டினால் துணியால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். வேலை தொடங்கும் முன்பே ஒரு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கழற்றுதல்

காலிப்பர் வண்டியில் இறுகி நிற்கும்போதே பேட் பின்னை அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதைத் திருக முயன்றால் பிடிமானம் கிடைக்காது, ஆலன் குழி தேய்ந்துவிடும். பின்னுக்கு மேல் சின்ன மறை மூடி இருந்தால் முதலில் அதை எடுக்க வேண்டும். ஸ்பிளிட் பின் போட்ட மாடலானால் அதை நிமிர்த்தி இழுத்துவிடலாம்.

அடுத்து, காலிப்பரை ஃபோர்க்கோடு இணைக்கும் இரண்டு போல்ட். இரண்டும் வந்ததும் காலிப்பரை மெல்ல அசைத்து டிஸ்க்கிலிருந்து உருவுங்கள். ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கயிற்றால் ஃபோர்க்கில் கட்டிக்கொள்ளுங்கள். ஏபிஎஸ் வண்டியில் சென்சார் வயர் எந்தக் கிளிப் வழியாகப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் சில மாடல்களில் அச்சை உருவினால்தான் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் வெளியே வரும்.

பேடை எடுக்கும் முன் போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகட்டின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது, பேடின் முதுகில் ஷிம் என்ற மெல்லிய தகடு எப்படி மாட்டியிருக்கிறது என்பதெல்லாம் ஒரு மணி நேரம் கழித்து நினைவுக்கு வராது. பழைய பேடையே திரும்பப் போடுவதாக இருந்தால் உள், வெளி என்று முதுகில் குறித்துவையுங்கள். காலிப்பர் கழன்று கிடக்கும்போது வேறு யாரும் பிரேக்கை அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிஸ்டன்: நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம்

முதல் கழுவல் காலிப்பர் முழுவதற்கும். சோப்புத் தண்ணீரில் பிரஷை நனைத்து, மூலை முடுக்கெல்லாம் தேயுங்கள். உலர்ந்த தூசியை வாயால் ஊதுவதும் காற்று அடிப்பதும் கூடாது. பேட் தூசி நுரையீரலுக்கு ஆகாது, பழைய பேடானால் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கவும் வாய்ப்புண்டு. ஈரமாகக் கழுவினால் தூசி பறக்காது.

இப்போது பிஸ்டனின் சுத்தமான பகுதி தெரியும்வரை அதைக் கொஞ்சம் வெளியே கொண்டுவர வேண்டும். பிஸ்டனுக்கு எதிரே மரத்துண்டை வைத்துவிட்டு லிவரை மிக மெதுவாக அழுத்துங்கள். புதுப் பேட் போட்ட நிலையிலிருந்து தேய்ந்த பேடின் நிலைவரை பிஸ்டன் பயணிக்கும் தூரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வெளியே வந்தால் போதும். மரத்துண்டின் தடிமனைக் கணக்குப் பார்த்து வைத்தால் பிஸ்டன் முழுதாக வெளியே விழுந்துவிடாது. விழுந்தால் ஃப்ளூயிட் கொட்டும், காற்று உள்ளே போகும், வேலை, காற்றை வெளியேற்றும் முழு பிளீடிங்கில் போய் முடியும்.

இரட்டைப் பிஸ்டன் காலிப்பரில் ஒன்று சுலபமாக வரும், இன்னொன்று அசையாது. முந்துவதைக் கட்டைவிரலாலோ சி-கிளாம்பாலோ பிடித்து நிறுத்தினால் அழுத்தம் முழுவதும் அடுத்ததன் மேல் விழும். இருபுறமும் பிஸ்டன் உள்ள காலிப்பரிலும் இதே வழிதான். முன் பின் பிரேக் இணைந்த வண்டிகளில் சில மாடல்களில் முன் காலிப்பரின் நடுப் பிஸ்டன் பின் பிரேக் பெடலுக்குத்தான் வேலை செய்யும். லிவரை எவ்வளவு அழுத்தியும் ஒரு பிஸ்டன் அசையவில்லை என்றால், இறுகிவிட்டது என்று முடிவுகட்டும் முன் பெடலையும் அழுத்திப் பாருங்கள்.

லிவரை ஹேண்டில்பார் தொடும்வரை அழுத்த வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அன்றாடம் போகாத ஆழத்தில் துருவும் படிவும் இருக்கலாம். அங்கே போய் உரசினால் அதன் ரப்பர் கிழியும். லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிவைத்தால் கவலை இல்லை.

வெளியே வந்த பிஸ்டனைச் சுற்றிலும் துலக்க வேண்டும். முன்பக்கம் தெரிவதை மட்டும் துடைத்தால் போதாது. மறுபக்கம்தான் அழுக்கு தங்கும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியை நீளமாகக் கிழித்து, பிஸ்டனின் பின்பக்கமாகச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்துத் தயிர் கடைவது போல மாற்றி மாற்றி இழுங்கள். கறை பிடிவாதமாக இருந்தால் நைலான் பிரஷ் போடலாம். கம்பி பிரஷ், எஃகு நார், உப்புத்தாள் எதுவும் பிஸ்டனின் மேல் படக் கூடாது. குரோம் பூச்சில் ஒரு கோடு விழுந்தால் அந்தக் கோடு சீலை அறுக்கும். உள் விளிம்பில் பிடித்துத் திருகும் பிஸ்டன் கருவி இருந்தால் பிஸ்டனைப் பாதி சுற்று திருப்பி மறுபக்கத்தையும் பார்த்துவிடலாம். கட்டிங் பிளேயரால் வெளிப்பக்கத்தைக் கவ்வுவது பிஸ்டனைப் பாழாக்கும்.

துடைத்தபின் விரல் நகத்தால் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள். நகம் எங்காவது மாட்டினால் அங்கே குரோம் உரிந்து குழி விழுந்திருக்கிறது. குழி சீலுக்கு வெளியே, விளிம்பை ஒட்டி இருந்தால் இப்போதைக்கு ஒழுகாது. ஆனால் புதுப் பேட் போட்டுப் பிஸ்டன் உள்ளே போகும்போது அதே குழி சீலுக்கு நேராக வரும். அப்படிப்பட்ட பிஸ்டனை மாற்றிவிடுவதுதான் சரி. சீலின் ஓரத்தில் ஈரக் கசிவு தெரிந்தாலும் கழுவலோடு நிறுத்த முடியாது, சீல் மாற்ற வேண்டும்.

சுத்தமானால், நல்ல தண்ணீரில் அலசி, துணியால் ஒற்றி, உலரவிட்டுச் சிவப்பு ரப்பர் கிரீஸை விரல் நுனியில் எடுத்துப் பிஸ்டனைச் சுற்றிப் பூசுங்கள். பூசியது கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்க வேண்டும். ரப்பர் கிரீஸ் இல்லையென்றால் புது பிரேக் ஃப்ளூயிட் இரண்டு சொட்டு போதும். பிறகு கைவிரலால் நேராக உள்ளே தள்ளுங்கள். மறுபடி லிவரால் வெளியே கொண்டுவந்து, மறுபடி தள்ளுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் சீலின் உதட்டில் கிரீஸ் பரவி, முதலில் இரண்டு கட்டைவிரல் பலம் கேட்ட பிஸ்டன் ஒரு விரலுக்கே நகரும். அப்படி இளகும்வரை விடாதீர்கள். எத்தனை முறை செய்தும் இளகவில்லையா, கோளாறு சீலுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில்.

தள்ளும்போது ரிசர்வாயரைப் பாருங்கள். பேட் தேய்ந்த காலத்தில் யாராவது ஃப்ளூயிட் ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போது பொங்கி வழியும். மூடியைத் திறந்து, சிரிஞ்சால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். அந்த மூடியின் ஸ்க்ரூ தலைகள் மிருதுவானவை. சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை வைத்து, மேலிருந்து நன்றாக அழுத்திக்கொண்டு திருகினால் தலை சிதையாது.

ஸ்லைடு பின்கள்

பிராக்கெட்டைப் பக்கவாட்டில் இழுத்தால் பின்களிலிருந்து பிரிந்து வரும். ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருப்பது வழக்கம். எது எங்கே என்று மாற்றிவிடாதீர்கள். பழைய கிரீஸ் காய்ந்து பழுப்பு நிற மெழுகாகியிருக்கும். பின்னையும் அது நுழையும் துளையையும் முழுமையாகத் துடையுங்கள். துளைக்குத் துணி சுற்றிய மெல்லிய குச்சி வசதி. பின்னில் லேசான துரு இருந்தால் 1000 நம்பர் நீர் உப்புத்தாளால் நீக்கலாம். குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள்.

பின்களை மூடியிருக்கும் ரப்பர் உறைகளான பூட்களை விரலால் விரித்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்த பூட் வழியாகத் தண்ணீர் போய்த்தான் பின் துருப்பிடிக்கிறது. அதை மாற்றாமல் கிரீஸ் மட்டும் போட்டால் அடுத்த மழைக்குள் பழைய கதைதான். சிலிகான் கிரீஸைப் பின்னின் மேல் மெல்லப் பூசி, பூட்டின் உள்ளேயும் ஒரு துளி வைத்து மாட்டுங்கள். துளை முழுக்கக் கிரீஸ் திணித்தால் காற்று வெளியேற வழியில்லாமல் பின்னைத் திரும்பத் தள்ளும். மாட்டியபின் காலிப்பர் விரல் பலத்துக்கே வழுக்கி நகர வேண்டும், பூட்டின் உதடு பின்னில் உள்ள பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பேட், பேட் பின், டிஸ்க்

உராய்வுப் பொருளின் தடிமன் 2 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றிவிடலாம். பல பேட்களில் தேய்மானக் கோடு வெட்டியிருக்கும். அது மறைந்தால் மாற்ற வேண்டிய கட்டம். மேற்பரப்பு கண்ணாடி போல மினுமினுத்தால், சமதளத்தில் உப்புத்தாளை விரித்து அதன்மேல் பேடை வட்டமாகத் தேய்த்து மினுமினுப்பை எடுங்கள், முகக்கவசத்தோடு. ஃப்ளூயிடோ ஃபோர்க் ஆயிலோ ஊறிய பேடைச் சுட்டும் கழுவியும் மீட்க முயல வேண்டாம். ஜோடியாக மாற்ற வேண்டியதுதான்.

பேட் தொங்கும் பின்னில் படிக்கட்டு போலத் தேய்ந்த பள்ளம் இருந்தால் பேட் அதில் மாட்டிக்கொள்ளும், வழுக்காது. லேசான துருவை 1000 நம்பர் தாளால் எடுத்து, சிலிகான் கிரீஸை மிக மெல்லப் பூசுங்கள். பேடின் முதுகில் பிஸ்டன் தொடும் இடத்திலும் ஒரு மெல்லிய பூச்சு கீச்சொலியைக் குறைக்கும். முன்பக்கம் ஒரு துளியும் படக் கூடாது.

டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதிலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் தேய்ந்த பகுதியில் நாலைந்து இடம் அளந்து பாருங்கள். வெர்னியர் ஓரத்து மேட்டையும் சேர்த்து அளந்து தவறான எண்ணைக் காட்டிவிடும். பின்பு பிரேக் கிளீனரால் இருபக்கமும் துடைத்துவிடலாம்.

மாட்டுதல்

முதலில் ஸ்பிரிங் தகடு, பிறகு பேட்கள், பிறகு பேட் பின். பேடின் முனை பிராக்கெட்டில் உள்ள தகட்டில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்காமல் பின்னைச் செருக வேண்டாம். ஸ்பிரிங்குக்கு எதிராகப் பேடை அழுத்திப் பிடித்தால்தான் துளைகள் நேராகும். காலிப்பரை டிஸ்க்கில் செருகும்போது பேடின் விளிம்பு டிஸ்க்கில் இடிபடாமல் நேராக இறக்குங்கள்.

இறுக்கம் மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் உள்ள எண்ணே இறுதி. ஒப்பிட்டுப் பார்க்க: 8 மி.மீ. காலிப்பர் போல்ட் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. போல்ட் 35 முதல் 45, பேட் பின் 15 முதல் 20, பிளீடர் நிப்பிள் 5 முதல் 8. நிப்பிள் சின்னது, உள்ளே துளை உள்ளது. கைப்பலத்தைக் காட்டினால் காலிப்பருக்குள்ளேயே முறிந்துவிடும். பழைய போல்ட்டின் மறையில், போல்ட் தளராமல் பிடிக்கும் நீலப் பசை காய்ந்திருந்தால் அதைச் சுத்தம் செய்து புதிதாக ஒரு துளி வைக்க வேண்டும்.

மாட்டி முடித்ததும் வண்டியை நகர்த்தும் முன் லிவரை அழுத்தி அழுத்தி விடுங்கள். பிஸ்டன்கள் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் சில அழுத்தங்களில் லிவர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கும், பிரேக் கொஞ்சமும் பிடிக்காது. இதை மறந்து சாலையில் இறங்கினால் முதல் திருப்பத்திலேயே விபத்துதான். லிவர் கெட்டியான பிறகு ரிசர்வாயர் மட்டத்தைப் பார்த்து, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள்.

சீல் மாற்றும் முழு வேலை

பிஸ்டன் இளகவில்லை, கசிகிறது, அல்லது குழி விழுந்திருக்கிறது என்றால் காலிப்பரை ஹோஸிலிருந்து பிரிக்க வேண்டும். வாங்க வேண்டியவை: அந்த மாடலுக்கான சீல் செட், தேவையானால் பிஸ்டன், ஹோஸைக் காலிப்பரோடு இணைக்கும் பேன்ஜோ போல்ட்டுக்கு இரண்டு புது வாஷர். பழைய செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கியது. மறுபடி போட்டால் கசியும்.

ஹோஸைக் கழற்றும் முன்பே பிஸ்டனைப் பிரேக் லிவராலேயே வெளியே வரும் கட்டம்வரை கொண்டுவந்துவிடுங்கள். ஹைட்ராலிக் அழுத்தத்தைப் போல மென்மையாகவும் பலமாகவும் இறுகிய பிஸ்டனைத் தள்ளுவது வேறெதுவும் இல்லை. ரிசர்வாயர் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே அழுத்துங்கள். கம்ப்ரஸர் காற்றால் பிஸ்டனைத் தள்ளுவது கடைசி வழி. அப்போது பிஸ்டன் துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் பாயக்கூடும். காலிப்பரைத் துணியால் சுற்றி, எதிரே மரத்துண்டு வைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் மட்டுமே செய்யலாம். விரல் ஒருபோதும் நடுவே இருக்கக் கூடாது.

ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு சீல். உள்ளே தடிமனானது அழுத்தம் தாங்குவது, வெளியே மெல்லியது தூசி தடுப்பது. இரண்டையும் மரக்குச்சி அல்லது பிளாஸ்டிக் ஊசியால் நெம்பி எடுங்கள். இப்போது பள்ளங்களைப் பாருங்கள். அலுமினியம் அரித்து வெள்ளைப் படிவாகக் கெட்டியாகியிருக்கும். இந்தப் படிவுதான் சீலைப் பின்னாலிருந்து தள்ளிப் பிஸ்டனை நெரிக்கிறது. வெளியே எவ்வளவு கழுவினாலும் இளகாத பிஸ்டனுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. சீல் மட்டும் புதிதாகப் போட்டுப் படிவை விட்டுவிட்டால் புது சீலும் இறுகும். வளைந்த பித்தளைக் கம்பியின் முனையாலும் நைலான் பிரஷாலும் பொறுமையாகச் சுரண்டி, மூலைவரை உலோகம் பளிச்சென்று தெரியும்படி எடுங்கள். பள்ளத்தின் விளிம்பு சீல் எவ்வளவு வளைய வேண்டும் என்று கணக்கிட்டுச் சரிவாக வெட்டப்பட்டது, அதை மழுக்கிவிடாதீர்கள். பிரேக் கிளீனரால் அலசி, ஃப்ளூயிட் வழிகளில் துகள் இல்லை என்று உறுதி செய்து, முழுக்க உலரவிடுங்கள்.

இரண்டு அரைகளாக இணைந்த ஃபிக்ஸட் காலிப்பரைப் பிரிக்கும் ஆசை வரும். கையேடு அனுமதிக்காத மாடலில் பிரிக்க வேண்டாம். நடுவே சின்ன ஓ-ரிங் இருக்கும், அந்த போல்ட்டுகளின் இறுக்கமும் தனி.

புது சீல்களைப் புது ஃப்ளூயிடில் நனைத்து, முறுக்கு இல்லாமல் பள்ளத்தில் வையுங்கள். விரலைச் சுற்றிலும் ஓட்டி எங்கும் துருத்தவில்லை என்று பாருங்கள். ஒரே காலிப்பரில் இரண்டு அளவுப் பிஸ்டன்கள் இருக்கலாம், சீல்களைக் கலந்துவிடாதீர்கள். பிஸ்டனையும் ஃப்ளூயிடில் நனைத்து, குழிவான பக்கம் பேடைப் பார்க்கும்படி, கோணாமல் கட்டைவிரலால் அழுத்துங்கள். சரியாக இருந்தால் சீரான எதிர்ப்போடு இறங்கும். இடறினால் வெளியே எடுத்து மறுபடி பாருங்கள். சுத்தியல் தேவைப்படுகிறது என்றால் எங்கோ தவறு இருக்கிறது.

பிளீடிங்

டாட் 4 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச அது இறங்கும், எடையில் 3.7 விழுக்காடு தண்ணீர் சேர்ந்த நிலைக்கு நிர்ணயித்த குறைந்தபட்சம் 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும், ஆவி நசுங்கும், லிவர் காலியாக இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூயிடை மாற்றச் சொல்வது இதனால்தான். பல மாதம் முன்பு திறந்த பாட்டிலை உபயோகிக்க வேண்டாம். சிலிகான் வகையான டாட் 5ஐ மற்றவற்றோடு கலக்கவே கூடாது.

நிப்பிளில் ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஃப்ளூயிட் உள்ள பாட்டிலில் முக்குங்கள். லிவரை மெதுவாக அழுத்திப் பிடியுங்கள், நிப்பிளைக் கால் முதல் அரைச்சுற்று திறங்கள், லிவர் இறங்கும், நிப்பிளை மூடுங்கள், அதன்பின்தான் லிவரை விடுங்கள். வரிசை மாறினால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். ஐந்தாறு முறைக்கு ஒருதரம் ரிசர்வாயரை நிரப்புங்கள். அது ஒருமுறை வற்றினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஏபிஎஸ் வண்டியில் வற்றவிட்டால் காற்று, ஏபிஎஸ்ஸின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்குள் போய், அதை வெளியேற்ற டயக்னாஸ்டிக் கருவி தேவைப்படலாம்.

டியூபில் குமிழி நின்ற பிறகும் லிவர் பஞ்சுபோல இருந்தால், மேல் பேன்ஜோ இணைப்பின் வளைவில் காற்று தங்கியிருக்கலாம். ஹோஸைத் தட்டிக்கொடுத்து, லிவரைச் சின்னச் சின்னதாக அசைத்தால் ரிசர்வாயரில் குமிழிகள் ஏறும். பின் சக்கரக் காலிப்பரின் நிப்பிள் மேல்நோக்கி நிற்காத மாடல்களில் காலிப்பரைக் கழற்றி, நிப்பிள் உச்சியில் இருக்கும்படி பிடித்து, பிஸ்டன் வராமல் நடுவே மரத்துண்டு வைத்துப் பிளீட் செய்ய வேண்டும்.

முடித்தபின் லிவரை முழுபலத்தோடு ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, பேன்ஜோ, நிப்பிள், பிஸ்டன் ஓரம் மூன்றையும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் பட்டால் வண்டியை எடுக்காதீர்கள். லிவர் பிடியின்கீழ் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் அழுத்தத்தைத் தாங்கவில்லை.

முதல் ஓட்டம்

முதலில் நடை வேகத்தில் பிடித்துப் பாருங்கள். புதுப் பேடானால் ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைப்பதை எட்டுப் பத்து முறை, நடுவே டிஸ்க் ஆற நேரம் கொடுத்துச் செய்யுங்கள். சூடான டிஸ்க்கை அழுத்திப் பிடித்தபடி வண்டியை நிறுத்தி வைக்க வேண்டாம். பேடின் பொருள் அந்த ஒரு இடத்தில் அதிகமாகப் படிந்துவிடும். திரும்பி வந்ததும் கையை டிஸ்க்கின் அருகே கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள், தொடாமல். பிரேக்கைத் தொடாமல் ஒரு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியபோதும் அனல் அடித்தால் இன்னும் எங்கோ உரசுகிறது.

பேட் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிஸ்டனையும் பின்களையும் கழுவ வேண்டும். தினமும் ஓடும் வண்டிக்கு 5,000 கி.மீ.க்கு ஒருமுறையும், மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறையும் செய்தால் சீல் மாற்றும் வேலை பல ஆண்டுகள் தள்ளிப்போகும். சேற்றை நேராக வாங்கும் பின் காலிப்பருக்கு இந்த இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.